சுரங்கத்துக்குப் பங்கு சேர்த்தவர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒஸ்லோ பெரிய நகரம் என்று நோர்வேக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு அது ஒரு சின்ன ஊர். லோறென்ஸ்கூக்கில் ஒருவர் புதுக் கார் வாங்கினால் பின்னேரத்துக்குள் அதன் விலை ஹவுகெட்டோவில் தெரிந்துவிடும். அதனால் பெயர் வேண்டாம். எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட வயது கூடியவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இங்கே கல்யாணமானாலும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடானாலும் செத்தவர்களின் அந்தியேட்டியானாலும் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத்தான் நடத்துவோம். மண்டபத்துக்குள் வந்ததும் அண்ணை கோட்டைக் கழற்றிக் கதிரையில் போடுவார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்குவார். யாரும் அவரைக் கேட்பதில்லை, அவரும் யாரையும் கேட்பதில்லை. பந்தியில் கடைசிக் கதிரையில் இருக்கிற ஆளிடம்தான் முதலில் போவார். "கடைசியிலை இருக்கிற ஆளுக்கு எப்பவும் ஆறின சோறுதான் வாறது. அது பிழை," என்பார். பிறகு சமையலறைப் பக்கம் போய், அங்கே நிற்கிறவர்களில் யார் இன்னும் சாப்பிடவில்லை என்று பார்ப்பார். ஒரு முறை பள்ளிக்கூடக் காவலாளி தன் அறையில் தனியே பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த நோர்வேக்காரக் கிழவருக்கும் உறைப்புக் குறைத்து ஒரு தட்டு போகத் தொடங்கியது. வடை இல்லாவிட்டால் அந்த மனிதர் எட்டிப் பார்த்துக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அவர் பேருந்து ஓட்டினார். பனிக்காலத்தில் ஒருநாள் நான் வேலைக்குப் போக அவருடைய பேருந்தில் ஏறினேன். நான் வேலை செய்தது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். தரிப்பிடத்தில் கதவைத் திறந்தபடி அவர் காத்துக்கொண்டேயிருந்தார். தூரத்தில், உறைந்த நிலத்தில் வழுக்கி விழாமல் ஒரு கிழவி தடியூன்றி வந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்தவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துப் புறுபுறுத்தார்கள். கிழவி வந்து ஏறி, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போய் இருந்தாள். இப்படிப் பிந்திப் பிந்திப் போனதற்காக மேலிடத்திலிருந்து அவருக்கு ஏச்சு விழுந்தது எனக்குத் தெரியும்.

"காணாத மாதிரி கதவைச் சாத்திப்போட்டு எடுக்க வேண்டியதுதானே அண்ணை?" என்று கேட்டேன்.

"எனக்குக் காணாத மாதிரி இருக்கத் தெரியாது தங்கச்சி," என்றார்.

நல்ல குணம் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதைக் கெட்ட குணம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் குணத்தால்தான் எல்லாம் வந்தது.

அவருடைய அப்பப்பா, அதாவது அப்பாவின் தகப்பன், வெள்ளைக்காரன் காலத்தில் மலாயாவுக்குப் போய்க் கிராணியாக இருந்தவர். யாழ்ப்பாணத்தில் அது பெரிய புதினமில்லை. அந்தக் காலத்தில் இங்கிலீசு படித்த பாதிப் பேர் மலாயாவில் ஏதோவொரு கந்தோரில் பேனா பிடித்தவர்கள்தான். ஆனால் அண்ணையின் அப்பப்பா இருந்தது ஒரு தங்கச் சுரங்கத்தின் கந்தோரில். காட்டுக்குள் வெள்ளைக்காரக் கொம்பனி ஒன்று தோண்டிய சுரங்கம். அந்தக் கொம்பனிக்கு லண்டனில் பாதிரிமாரும் விதவைகளும் தங்கள் சேமிப்பைப் போட்டார்களாம். தங்கம் வந்தது, லாபம் கப்பலேறியது, கடைசியில் குழிக்குள் தண்ணீர் ஏற விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தங்கத்தின் விலை ஏறத் தொடங்கியபோது, அந்தச் சுரங்கத்தைத் திரும்பத் திறக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு லண்டனிலிருந்து ஒரு தமிழர் வந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியும். மண்டபத்தில் கூட்டம் வைத்தார். திரையில் பழைய படங்கள் ஓடின. தொப்பி போட்ட துரைமார், இரும்புச் சக்கரம், வரிசையாகக் கூலிகள், ஓரத்தில் வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டுமாக நாலைந்து கிராணிமார். அண்ணை எழும்பித் திரைக்குக் கிட்டப் போய் நின்று அந்தக் கிராணிமாரையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் அவருடைய அப்பப்பா என்று அவருக்கே தெரியவில்லை. முகங்கள் அவ்வளவு சின்னனாக இருந்தன.

பிறகு திரும்பி எங்களைப் பார்த்துக் கதைத்தார். அவர் மேடையில் கதைக்கிற ஆளில்லை.

"தங்கக் கட்டியை நிறுத்து எழுதினது எங்கடை ஆக்கள். கட்டியைக் கொண்டுபோனது அவங்கள். எழுதினவனுக்கு ஒரு குன்றிமணியும் மிஞ்சேல்லை. இப்ப நாங்களே முதலாளியாகிற காலம் வந்திருக்கு. நாங்கள் இஞ்சை கக்கூசு கழுவிறம், கோப்பை கழுவிறம். கழுவினாப்போலை முதலாளியாகக் கூடாதோ?"

மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன். தங்கத்துக்காக இல்லை. முதலாளி என்ற அந்தச் சொல்லைத் தமிழில், எங்களைப் பார்த்து ஒருவர் சொன்னதற்காக.

லண்டன்காரர் கேட்ட ஆகக் குறைந்த தொகை பெரிது. சொந்த வீடு வைத்திருந்தவர்கள்தான் போடக்கூடிய தொகை. அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. "அப்ப கழுவிற சனம் என்ன செய்யிறது?" என்று கேட்டார். அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். சின்னக் காசுக்காரர் பலர் சேர்ந்து ஒரு பங்கு எடுப்பது, பங்கு அண்ணையின் பெயரில் இருப்பது. எங்களுக்கு அது உடனே விளங்கிவிட்டது. சீட்டுத்தானே! எல்லோரும் மாதாமாதம் போட்டு, முறை வரும்போது ஆளுக்காள் எடுக்கிற சீட்டு எங்கள் எல்லோருக்கும் பழக்கம். சீட்டை நடத்துகிறவரைத் தாச்சி என்போம். ஒருவன் கட்டாமல் ஓடினால் தாச்சி தன் கையிலிருந்து போட்டுக் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. அண்ணை தாச்சி என்றால் பிறகு என்ன பயம்? காசு கொடுத்ததற்கு ஒருவரும் எழுத்தில் ஒரு துண்டு கேட்கவில்லை. அவரிடம் துண்டு கேட்பது அவரை அவமதிப்பது என்று நினைத்தோம்.

அப்போது மேல்வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் சொன்னாள். "அம்மா, இவங்கள் அக்ஷே எண்டு சொல்லுற பங்கு சீட்டு இல்லை. முறை எல்லாம் வராது. விலை விழுந்தால் காசு போச்சு, அவ்வளவுதான்."

"நீ பெரிய ஆள்," என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்குப் போட மனமில்லை. என் மனுசனுக்கும் இல்லை. அண்ணை வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "தங்கச்சி, நாளைக்கு எல்லாருக்கும் வரேக்கை நீங்கள் ரெண்டு பேரும் மட்டும் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? எனக்கு அதைப் பாக்கேலாது." அவருக்கு இதில் ஒரு சதம் தரகு இல்லை. எங்களைச் சேர்க்காமல் போனால் அந்த மனிதருக்கு நித்திரை வராது என்பது முகத்தில் தெரிந்தது. அவருடைய நித்திரைக்காகத்தான் நாங்கள் கொஞ்சம் போட்டோம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

ராணி அக்காவையும் அவர் அப்படித்தான் சேர்த்தார். ராணி அக்கா தனி ஆள். ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலை. வன்னியில் இருந்த ஒரேயொரு தம்பியை வெளியே எடுக்கவென்று வருடக்கணக்காகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். அதற்காகத் தன் வாய்க்கும் வயிற்றுக்கும் செலவழிக்காத மனுசி. அவரிடம் இருந்தது சின்னப் பங்குக்கும் காணாது. அண்ணை மிச்சத்தைத் தன் கையிலிருந்து போட்டார். "தம்பியை எடுக்கிற காசு ரெண்டு மடங்காகட்டும் பிள்ளை," என்றார்.

அடுத்த வருடம் தம்பி கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் அறை எடுத்துத் தங்கினான். பயணத்துக்கு ஏஜென்சிக்காரன் ஆயத்தம். ராணி அக்கா அண்ணையிடம் போய்க் காசைத் திருப்பிக் கேட்டார். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன், அதனால் இது எனக்குத் தெரியும்.

அண்ணை தயங்கினார். தன் வீட்டை அடகு வைத்து அவரும் நிறையப் போட்டிருந்தார். கையில் காசு இல்லை. ஆனால் யாரிடமாவது கைமாற்றாக வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவர் கேட்டால் யார்தான் கொடுக்காமல் விட்டிருப்பார்கள்? அவர் அதைச் செய்யவில்லை.

"பிள்ளை, இன்னும் கொஞ்ச நாள்தான். பங்கு சந்தைக்கு வரப்போகுது. இப்ப நீர் எடுத்தால், எல்லாருக்கும் வரேக்கை நீர் மட்டும் விடுபட்டுப் போவீர். பொறும் பிள்ளை."

ராணி அக்கா பொறுத்தார். லொட்ஜ் வாடகை ஏறியது, வடக்கிலிருந்து வந்தவர்களுக்குப் பொலிஸ் பதிவுக் கரைச்சல் வேறு. ஒருநாள் தம்பி தொலைபேசி எடுத்து, "அக்கா, நான் திரும்பிப் போறன், காசு வந்தாப் பிறகு வாறன்," என்று சொல்லிவிட்டு வன்னிக்குப் போய்விட்டான். பிறகு சண்டை தொடங்கி, வன்னிக்குப் போய்வருகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

சுரங்கம் திறக்கவில்லை. லண்டன்காரரின் தொலைபேசி அடிப்பது நின்றது. அண்ணை விடுமுறை எடுத்துக்கொண்டு மலேசியாவுக்கே போனார். அங்கே காட்டுக்குள் பச்சைத் தண்ணீர் நிரம்பிய ஒரு பெரிய குளமும், கொம்பனியின் பெயர் எழுதிய ஒரு புதுப் பலகையும்தான் இருந்தனவாம். பலகையில் ஆடு கட்டியிருந்தார்களாம்.

திரும்பி வந்ததும் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எல்லோரையும் கூப்பிட்டார். ஒளிக்கவில்லை. எழும்பி நின்று, "எல்லாம் போச்சுது. நான்தான் உங்களைச் சேர்த்தனான். நான்தான் பொறுப்பு. கேக்க வேண்டியதைக் கேளுங்கோ," என்றார்.

ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்கமாட்டார்கள். கார் நிறுத்துகிற இடத்துக்கு வந்த பிறகு வாய் திறக்கும். அன்றைக்கும் ஒருவர் எழும்பி, "அண்ணை, பயணம் சுகமோ? மெலிஞ்சு போனியள்," என்றார். இன்னொருவர், "சாப்பிட்டனீங்களோ?" என்றார். அவர் மாறி மாறி எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். பிறகு கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்.

தாச்சியின் முறைப்படி, லோறென்ஸ்கூக்கில் இருந்த தன் வீட்டை விற்றார். அடகு போக மிஞ்சியதைக் கொண்டு வீடு வீடாகப் போனார். சிலர் வாங்கினார்கள். பலர், "பிறகு பாப்பம் அண்ணை, இப்ப என்ன அவசரம்," என்று கதவிலேயே அனுப்பினார்கள். அது இரக்கம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அவரும் மனைவியும் ஹவுகெட்டோவில் ஒரு சின்ன வீட்டுக்கு வாடகைக்கு வந்தார்கள். மனைவியும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேள்வி. அந்த மனிதர் எப்படித்தான் இருந்தாரோ.

அதற்குப் பிறகு வந்த ஒரு கல்யாணத்தில் நான் அதைப் பார்த்தேன். அண்ணை வந்தார், கோட்டைக் கழற்றினார், சட்டைக் கையை மடித்தார். வாளியைத் தூக்கினார். மாப்பிள்ளை வீட்டுப் பெடியன் ஒருவன் ஓடிவந்து, மிகவும் மரியாதையாக, வாளியை அவர் கையிலிருந்து வாங்கினான்.

"நீங்கள் இருங்கோ அண்ணை. நாங்கள் பாக்கிறம்."

அவர் போய்ப் பந்தியில் இருந்தார். அவர் இருந்து சாப்பிட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை. தட்டில் வைத்ததை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெடியனுக்கு ஒரு அறை கொடுக்கலாமா என்று யோசித்தேன், ஆனால் அவன் என்ன பிழை செய்தான்? மரியாதையாகத்தானே சொன்னான்.

சில நாட்கள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனுசன் வேலைக்குப் போயிருந்தார்.

"தங்கச்சி, உம்மடை வாய் இந்த ஊருக்கே தெரியும்," என்றார்.

"அதுக்கென்ன இப்ப?"

"என்னை ஒருக்கா ஏசிப் பேசும். நல்லாப் பேசும். ஒருத்தரும் பேசினமில்லை. கடையிலை கண்டால் சிரிக்கினம். என்ரை பஸ்ஸிலை ஏறினால் பின்னுக்குப் போய் இருக்கினம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மீதல்ல என்றாலும் வந்தது. உங்களுக்கு மூளை எங்கே போனது, கோட்டுப் போட்டவன் சொன்னால் நம்புவதோ, வீட்டையும் விற்று உங்கள் மனுசியையும் தெருவில் விட்டீர்களே என்று நன்றாகவே பேசினேன். மூச்சு வாங்கும் வரை பேசினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் இலேசாகச் சிரித்தார்.

"காணாது தங்கச்சி. நீர் கொஞ்சக் காசுதானே போட்டனீர். பேச வேண்டிய ஆள் பேசேல்லை."

யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ராணி அக்கா அவரைக் கண்டால், "அண்ணை, சுகமோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான்.

போர் முடிந்தது. தம்பியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முகாம்களில் விசாரித்தார்கள், பெயர் இல்லை. செத்தவர்களிலும் இல்லை. ராணி அக்காவிடம் அதைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது? துக்கம் விசாரிக்கவும் முடியாது, நம்பிக்கையாக இருங்கோ என்று சொல்லவும் முடியாது. அவரைக் கண்டால் நாங்கள் எல்லோரும் குளிரைப் பற்றிக் கதைத்தோம்.

அடுத்த வருடம் தம்பியின் பிறந்தநாளுக்கு ராணி அக்கா சமைத்து, கொஞ்சப் பேரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். படமும் வைக்கவில்லை, விளக்கும் கொளுத்தவில்லை. நாங்கள் போய் இருந்து, சாப்பாடு நல்லாயிருக்கு என்றோம், வீட்டு வாடகை ஏறுவதைப் பற்றிக் கதைத்தோம், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்தோம். எதற்காகக் கூப்பிட்டார் என்பதை மட்டும் தவிர்த்து எல்லாவற்றையும் கதைத்தோம்.

மணி அடித்தது. கதவடியில் அண்ணை நின்றார். உள்ளேயிருந்த ஒருவர் எழும்பிப் போய்த் தாழ்ந்த குரலில், "அண்ணை, இண்டைக்கு வேண்டாமே. அவவுக்கு மனம் சரியில்லை," என்றார். அண்ணை தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

குசினியிலிருந்து ராணி அக்கா அகப்பையோடு வெளியே வந்தார்.

"நில்லுங்கோ. நான்தான் வரச் சொன்னனான். எங்கை போறியள்?"

அவர் நின்றார்.

"நான் உங்களைக் கேட்டனானோ? எனக்கும் பங்கு தாங்கோ எண்டு வந்து கேட்டனானோ?"

"இல்லைப் பிள்ளை. நானாத்தான் வந்தனான்."

"என்ரை காசை நான் திருப்பிக் கேக்கேக்கை பொறும் எண்டு சொன்னது ஆர்?"

"நான்தான் பிள்ளை."

"அவன் அந்த லொட்ஜிலை சோறும் தின்னாமல் உங்கடை மண்ணாங்கட்டித் தங்கத்துக்குக் காவல் இருந்தவன். நீங்கள் அண்டைக்குத் தந்திருந்தால் அவன் இண்டைக்கு இஞ்சை இருந்திருப்பான். இந்தக் கதிரையிலை இருந்து சாப்பிட்டிருப்பான். அவனைக் கொண்டுபோய்க் குடுத்தது நீங்கள்தான். நீங்கள்தான்!"

ஒரு பெண் எழும்பி, "அக்கா, விடுங்கோ, சனம் இருக்குது," என்று அவரைப் பிடித்தாள். அண்ணை கையை நீட்டித் தடுத்தார்.

"விடும் பிள்ளை. அவ கதைக்கட்டும்."

ராணி அக்கா கதைத்தார். அத்தனை காலம் வாய்க்குள் வைத்திருந்ததெல்லாம் வந்தது. பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அண்ணை கதவடியில், சப்பாத்துகளுக்கு நடுவில், பனித்தொப்பியைக் கையில் பிடித்தபடி அவ்வளவையும் வாங்கிக்கொண்டு நின்றார். ஒரு சொல் மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கடைசியில் ராணி அக்கா நிலத்தில் இருந்துவிட்டார்.

அண்ணை சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். ராணி அக்காவுக்கு எதிரே, சுவரோடு சாய்ந்து, அவரும் நிலத்தில் இருந்தார். காசு போனதிலிருந்து நாலு வருடமாக நான் அந்த மனிதரின் கண்ணில் தண்ணீரைக் காணவில்லை. அன்றைக்கு அது ஓடிக்கொண்டிருந்தது, அவர் துடைக்கவுமில்லை.

"பிள்ளை," என்றார். "நான் உம்மடை தம்பியை ஒருநாளும் கண்டதில்லை. அவர் என்ன மாதிரி ஆள்?"

தம்பியைப் பற்றி அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ராணி அக்கா முன்றானையால் முகத்தைத் துடைத்தார்.

"கறுவல்," என்றார். "நல்ல உயரம். சிரிச்சால் கண் ரெண்டும் காணாமல் போயிடும்."

பிறகு அவர் சொல்லிக்கொண்டே போனார்.